கொழும்பில் ஓடும் சாதாரண வாகனத்துக்கு ரேடார் டிடெக்டர் வாங்குவது பெறுமதியா?

நீலக்குருவி (வெள்ளவத்தை)

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வாகனத்தில் பூட்டும் எலெக்ட்ரோனிக் சாமான் தெரிந்தவர்களிடம்தான் இந்தக் கேள்வி.

என்னுடையது சாதாரண ஓட்டம். வேலை நாளில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கும் திரும்பியும். இடைக்கிடை ஹைவேயில் காலிக்கு, இல்லாவிட்டால் கட்டுநாயக்கவுக்கு. வாகனம் ஜப்பானிலிருந்து ரெக்கண்டிஷனாக வந்த வெசல். டொரொன்டோவில் இருக்கும் உறவினர் ஒருவர் ரேடார் டிடெக்டர் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். நல்லதென்றால் 400 அமெரிக்க டொலர் அளவில் வருமாம். இணையத்தில் அதைவிட மிக மலிவாகச் சீனத்துக் கருவிகளும் கிடக்கின்றன.

இதோடு இன்னொரு விஷயம். வாகனம் வரும்போதே டேஷ்போர்டில் ஜப்பான் மொழியில் பேசும் சின்னப் பெட்டி ஒன்று ஒட்டியிருந்தது. யுப்பிடெரு என்று எழுதியிருக்கிறது. அதுவும் ரேடார் டிடெக்டர்தான் என்கிறார்கள். அப்படியென்றால் அதையே பாவிக்கலாமா? இங்கே பொலிஸ் பிடிக்கும் ஸ்பீட் கன்னை இவை உண்மையில் முன்கூட்டியே காட்டுமா, அல்லது காசு வீணா?

அலைவரிசை

நீலக்குருவி, நகரத்துக்குள் வேண்டவே வேண்டாம். ஹைவேக்கும் அந்தக் காசுக்குரிய பலன் கிடைக்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "எல்லா பாண்டும் பிடிக்கும்" என்று விற்பவர் சொல்லும்போது அதில் எது உங்களுக்கு உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ரேடார் வகை ஸ்பீட் கன்கள் மூன்று பாண்டுகளில், அதாவது மூன்று அதிர்வெண் பிரிவுகளில், வருகின்றன. எக்ஸ் பாண்ட் 10.525 கிகாஹெர்ட்ஸ். கே பாண்ட் 24.05 முதல் 24.25 வரை. கேஏ பாண்ட் 33.4 முதல் 36 வரை. அமெரிக்கப் பொலிஸ் கேஏயில் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களில்தான் கூடுதலாக நிற்கும். 400, 500 டொலர் கருவிகளின் விலை பெரும்பாலும் இந்த மூன்று புள்ளிகளைத் தூரத்திலிருந்தே பிடிக்கும் திறமைக்குத்தான். அந்த நாட்டு நெடுஞ்சாலைக்காக வடிவமைத்த சாமான் அது.

கன் அனுப்பும் அலை ஓடும் வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறும். 24.15 கிகாஹெர்ட்ஸ் கன்னுக்கு மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேகம் ஏறத்தாழ 44.7 ஹெர்ட்ஸ் மாற்றம். கன் அதை அளந்து வேகமாகக் காட்டுகிறது. அலை உங்களிடம் வந்து திரும்பிப் போனால்தான் கன்னுக்கு வாசிப்பு கிடைக்கும். டிடெக்டருக்கு ஒருவழிப் பயணம் போதும். அதனால்தான் கன்னுக்கு உங்களைத் தெரியாத தூரத்திலேயே டிடெக்டருக்குக் கன்னைத் தெரியும். ரேடார் டிடெக்டர் என்ற வியாபாரமே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

ஆனால் கன்னின் விசையை விட்டுவைத்து, குறித்த வாகனம் கிட்ட வந்த பிறகு மட்டும் அழுத்தினால் அந்த வித்தியாசம் போய்விடும். அதுவரை காற்றில் அலையே இல்லை, டிடெக்டருக்குக் கேட்க ஒன்றுமில்லை. உங்களுக்கு முன்னே போகிற வாகனத்துக்கு அழுத்தியிருந்தால் அந்தச் சிதறல் உங்களுக்குக் கேட்கும். நீங்களே முதல் ஆள் என்றால் டிடெக்டர் கத்தும் நேரமும் உங்கள் வேகம் திரையில் விழும் நேரமும் ஒன்றுதான்.

அடுத்தது லேசர். இங்கே தெருவோரத்தில் குறிபார்க்கும் கன்களில் லேசர் வகையும் இருக்கிறது. பார்த்தாலே தெரியும். ரேடார் கன்னின் முகப்பு வட்டமான, மூடிய பிளாஸ்டிக். லேசர் கன்னுக்கு முன்னால் தொலைநோக்கிபோல இரண்டு கண்ணாடி வில்லைகள் இருக்கும், மேலேயோ பின்னாலேயோ குறிபார்க்கும் கண் இருக்கும். ரேடார் கற்றை அகலமானது. 12 பாகை விரியும் கன் என்றால் 300 மீற்றரில் 60 மீற்றருக்கு மேல் பரந்துவிடும். நெரிசலில் எந்த வாகனத்தின் வேகம் என்று பிரிப்பது கடினம். லேசர் கற்றை 3 மில்லிரேடியன் அளவுதான் விரியும். அதாவது 300 மீற்றரில் 90 சென்ரிமீற்றர், 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர். பொலிஸ்காரர் அதை உங்கள் நம்பர் தகட்டிலோ ஹெட்லைட்டிலோ வைப்பார். டிடெக்டர் இருப்பதோ முன்கண்ணாடியின் மேல்பகுதியில். கற்றை அதைத் தொடாமலே வேலை முடிந்துவிடலாம். தொட்டாலும் பிரயோசனமில்லை. லேசர் கன்னுக்கு வாசிப்பு எடுக்க அரை விநாடியே போதும், 100இல் ஓடும் வாகனம் அதற்குள் 14 மீற்றர்தான் நகரும். மனுசன் சத்தத்தைக் கேட்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு விநாடிக்கு மேல் வேண்டும். லேசருக்கு டிடெக்டர் தருவது எச்சரிக்கையல்ல, பிடிபட்டுவிட்டீர்கள் என்ற அறிவிப்பு.

கொழும்புக்குள் நிலைமை இதைவிட மோசம். சூப்பர்மார்க்கெட், ஹோட்டல், ஆஸ்பத்திரி வாசல்களில் தானாகத் திறக்கும் கதவுகளில் பல 24.125 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை உணரியில் வேலை செய்கின்றன. அது கே பாண்டின் நடுவே இருக்கிறது. பக்கத்து வாகனங்களின் பின்மூலை உணரிகளிலும், அதாவது கண்ணாடியில் தெரியாத இடத்தில் வாகனம் வந்தால் மஞ்சள் விளக்குக் காட்டும் அமைப்பிலும், பல மொடல்களில் 24 கிகாஹெர்ட்ஸ்தான். மஸ்டாவும் ஹொண்டாவும் இதில் பெயர் போனவை. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறீர்கள், முன்னால் ஒரு சீஎக்ஸ்-5. விளக்கு மாறி அது விலகிப் போகும்வரை உங்கள் கருவி கே, கே என்று கத்திக்கொண்டே இருக்கும். புதிய மொடல்கள் 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டன, அவை டிடெக்டரின் காதில் விழாது. ஆனால் நம் தெருக்களில் பழையவையும் இருக்கின்றன, சீக்கிரம் போகப்போவதுமில்லை.

இப்படிப் பொய்யாகவே கத்தும் கருவியை இரண்டு கிழமையில் காது பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதன் பிறகு உண்மையாகக் கத்தினாலும் கால் அசையாது. மலிவுக் கருவிகளில் வடிகட்டும் மென்பொருள் பேருக்கு மட்டும்தான் இருப்பதால் இந்தத் தொல்லை அவற்றில் இன்னும் கூட.

ஒயரிங் நானா (மருதானை)

அலைவரிசை சொன்னதில் எல்லாம் சரி. நான் அந்த ஜப்பான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், ரெக்கண்டிஷன் வாகனம் எடுக்கும் எல்லாரும் கேட்கிற விஷயம் அது.

யுப்பிடெரு, செல்ஸ்டார், கொம்டெக் மூன்றும் ஜப்பான் பாவனைக்காகவே செய்தவை. அதற்குள் இருப்பதில் முக்கியமானது ரேடார் அல்ல, ஜீபீஎஸ் தரவு. ஜப்பானில் எந்த வளைவில் நிலையான வேகக் கேமரா இருக்கிறது, எங்கே பொலிஸ் வழக்கமாக நிற்கும் என்ற பட்டியல். இலங்கைக்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை. ரேடார் பகுதி ஜப்பான் பொலிஸ் பாவிக்கும் 10.525 எக்ஸ் பாண்டையும், புதிய மொடலென்றால் 24 கிகாஹெர்ட்ஸையும் கேட்கும். அதாவது இங்கே அது கண்டுபிடிப்பது கடைக் கதவைத்தான்.

இன்னொன்று, அவற்றில் வானொலி வாங்கியும் உண்டு. 350.1 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான் பொலிஸ் சோதனை இடத்தில் பேசும் குறுந்தூர வானொலியைப் பிடிப்பதற்காக வைத்தது. இங்கே அந்த எண்ணுக்கு அந்த அர்த்தம் கிடையாது. அது பேசும்போது பதறி பிரேக் அடிக்காதீர்கள், பின்னால் வருகிற பஸ்காரனுக்கு அது தெரியாது.

ஆனால் கழற்றி எறியவும் வேண்டாம். திரை உள்ள மொடல் என்றால் ஜீபீஎஸ் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டும். ஸ்பீடோமீற்றரைவிட அது உண்மைக்குக் கிட்ட. மெனுவில் ரேடார், வானொலி இரண்டையும் நிறுத்தி, சத்தத்தைப் பூச்சியத்துக்குக் குறைத்து, காட்சியை வேகமானியாக மாற்றிவிடுங்கள். ஜப்பான் எழுத்து தெரியாவிட்டால் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் மெனு வாசிக்கலாம். நேரம் மூன்றரை மணித்தியாலம் முன்னே காட்டும், அது ஜப்பான் நேரம். வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கழற்றுவதென்றால் ஒயரை வெட்டாதீர்கள். பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு கிளை எடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் கராஜில் பழுது வாசிக்கும் கருவியைச் செருகும் ஓபீடீ2 சொக்கெட்டில் செருகியிருப்பார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பாருங்கள். ஓபீடீயில் செருகியிருந்தால் வாகனத்தை நிறுத்தி விசையை அணைத்த பிறகு உருவுங்கள். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் இரட்டைப் பசை நாடா வெயிலில் இறுகிப் போயிருக்கும். கத்தி வைத்தால் பிளாஸ்டிக் கிழியும். மீன்பிடி நைலோன் நூலை அடியில் விட்டு இழுத்து அறுங்கள், மிச்சப் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள்.

தெற்கு நோக்கி

ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ரேடார் கன்னை விட்டுவிட்டுப் பிடிக்காமல் தொடர்ந்து அலை அனுப்பும்படி வைத்திருக்கும் இடத்தில் நல்ல டிடெக்டர் ஒரு கிலோமீற்றருக்கு மேலும் முன்கூட்டிச் சொல்லும். மேட்டுக்கு அப்பால், வளைவுக்கு அப்பால் இருப்பதன் சிதறலையும் பிடிக்கும். எடுக்கவே போகிறார் என்றால் சரியாக அமைக்கவாவது தெரிந்துகொள்ளட்டும்.

எக்ஸ் பாண்டை நிறுத்துங்கள். கே பாண்டை முழு அகலத்தில் விடாமல் குறுகிய பிரிவுக்குக் கட்டுங்கள். அண்டை வாகன உணரிகளை வடிகட்டும் தெரிவு எந்தப் பெயரில் இருந்தாலும் அதைத் திறந்து வையுங்கள். ஜீபீஎஸ் உள்ள மொடலில் 60க்குக் கீழே ஓடும்போது சத்தமில்லாமல் இருக்கும்படி வைத்தால் கொழும்புத் தொல்லை முக்கால்வாசி குறையும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கத்தினால் அந்த இடத்தைப் பூட்டி வைக்கலாம், சில மொடல்கள் தாமாகவே கற்றுக்கொள்ளும்.

பூட்டும்போது முன்கண்ணாடியின் மேல்பக்கம், நடுவில், தரைக்குச் சமாந்தரமாக. மேலே இருக்கும் நிறப் பட்டைக்குள் ஒளிக்காதீர்கள். கண்ணாடிக்கு உலோகப் பூச்சுள்ள வெயில் ஃபில்ம் ஒட்டியிருந்தால் அலை உள்ளே வராது. அதைச் சோதிக்க அந்தச் சூப்பர்மார்க்கெட் கதவே போதும். வாகனத்தை நிறுத்திவிட்டு, கருவியை வெளியே கையில் பிடித்து எந்தத் தூரத்தில் கத்தத் தொடங்குகிறது என்று பாருங்கள். பிறகு அதே தூரத்தில் கண்ணாடிக்கு உள்ளே வைத்துப் பாருங்கள். உள்ளே மௌனமென்றால் 400 டொலரும் ஃபில்முக்குத்தான். கதவு திறந்தும் வெளியே ஒன்றுமே கேட்கவில்லையென்றால் அந்தக் கதவில் அகச்சிவப்பு உணரி இருக்கும், வேறு கதவைப் பாருங்கள்.

அலைவரிசை

தெற்கு நோக்கி சொன்ன அமைப்பு முறை சரியானது. கருவி கையில் இருக்கிறவர் அப்படியேதான் செய்ய வேண்டும். ஆனால் கேள்வி, ஒரு சாதாரண ஓட்டுநர் புதிதாகக் காசு போடலாமா என்பது. ஒரு கணக்கைப் பாருங்கள்.

கொட்டாவையிலிருந்து காலி பின்னதுவை வரை தெற்கு அதிவேக வீதி ஏறத்தாழ 95 கிலோமீற்றர். வேக எல்லை 100. அந்த வேகத்தில் 57 நிமிடம். முழுத் தூரமும் 120இல் போக முடிந்தால் நாற்பத்தேழரை நிமிடம். மிச்சம் ஒன்பதரை நிமிடம். வெலிப்பன்ன ஓய்விடத்தில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட இல்லை. கட்டுநாயக்க வீதி சுமார் 26 கிலோமீற்றர், அங்கே மிச்சம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அந்த நிமிடங்களைக் காப்பாற்றத்தான் டிடெக்டர் தேவைப்படுகிறது. எல்லைக்குள் ஓடுகிறவருக்கு அது சொல்லும் செய்தியில் ஒரு உபயோகமும் இல்லை.

மறுபக்கம் பிரேக் தூரம். ஓட்டுநர் உணர்ந்து காலை வைக்க ஒன்றரை விநாடி, காய்ந்த வீதி, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டால் 100இல் நிற்க 97 மீற்றர் அளவு வேண்டும். 120இல் 129 மீற்றர். ஈர வீதியில் இது 138ம் 189ம் ஆகும். குருந்துகஹஹெதெக்ம பக்கம் மழை எப்படி இறங்கும் என்று அந்த வழியில் போகிற எல்லாருக்கும் தெரியும். அங்கே முன்னால் ஒரு லொறி பழுதாகி நின்றால் அந்த ஐம்பது மீற்றர்தான் எல்லாமே. மழையில் 60க்குக் குறைக்கச் சொல்லி அறிவித்தல் வந்தால் அதைக் கட்டாயம் கேளுங்கள், கன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

புதுக்கடை

சட்டப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நீலக்குருவி, டொரொன்டோ உறவினரிடம் முதலில் சொல்லுங்கள்: ஒன்ராறியோவில் ரேடார் டிடெக்டரை வாகனத்தில் வைத்திருப்பதே குற்றம், அணைத்து வைத்திருந்தாலும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் மட்டும்தான் சாதாரண வாகனத்தில் பாவிக்க விடுகிறார்கள். அமெரிக்காவில் வேர்ஜீனியாவிலும் வொஷிங்டன் டீசியிலும் தடை. உங்களுக்கு நல்லது செய்யப் போய் அவர் அங்கே மாட்டக்கூடாது.

இங்கே இறக்குவதென்றால் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை நினைவில் வைக்க வேண்டும். வானொலி அலைக் கருவிகளுக்கு அதன் அனுமதி இல்லாவிட்டால் பொதி சுங்கத்தில் தங்கிவிடும். பொதி கிளம்ப முன்னர் மொடல் இலக்கத்தைக் கொடுத்து ஆணைக்குழுவிடம் எழுத்தில் பதில் எடுங்கள். ஜாமர் என்று விற்பதன் பக்கம் போகவே வேண்டாம். டிடெக்டர் கேட்கிறது மட்டும்தான், ஜாமர் அலை அனுப்புகிறது. உரிமமில்லாமல் அலை அனுப்புவது தனிக் குற்றம், அதோடு பொலிஸின் வேலையைத் தடுத்த பிரச்சினையும் சேரும்.

நகரத்துக்குள் ஓடுகிறவருக்கு வேகத்தைவிடப் பெரிய விஷயம் சீசீரீவி. 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் வீதிக் கேமராக்களைப் பார்த்தே போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கிறார்கள். சிவப்பு விளக்கு, கோடு மாறுதல், நிறுத்தக்கூடாத இடம். நம்பர் தகட்டை வைத்து உரிமையாளருக்கு அறிவித்தல் போகும். கேமரா எந்த அலையையும் அனுப்புவதில்லை, ஆகவே எந்த டிடெக்டரும் அதைக் காட்டாது. வாகனத்தை வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இதனால் பழைய உரிமையாளரின் தலையில் பாரத்தை ஏற்றுகிறார்கள், அதைச் சீக்கிரம் முடியுங்கள்.

வேகத்துக்கு எழுதினால், காட்டிய வாசிப்பையும் உங்கள் வாகனத்தையும் திரையில் பார்க்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். இடம், நேரம், காட்டிய வேகம், அந்த இடத்தின் எல்லை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்களுக்கு நகரப் பகுதியில் 50, வெளியே 70, த்ரீவீலுக்கு 40 என்பது பொது எல்லை. பலகையில் வேறு எண் இருந்தால் பலகைதான் செல்லும். கன் பக்கவாட்டில் நின்று அளந்ததால் கூடக் காட்டியது என்று வாதாட வேண்டாம். பக்கச் சரிவில் கன் குறைத்துத்தான் காட்டும். 10 பாகைச் சரிவில் 100இல் போகிறவர் 98 என்றே தெரிவார்.

நீலக்குருவி

எல்லாருக்கும் மிக்க நன்றி. கனடாவிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நானா சொன்னபடி ஜப்பான் பெட்டியை வேகமானியாக மாற்றப் பார்க்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தக் காசை வேறு எதில் போட்டால் உண்மையான பயன்? கைபேசியில் வேஸ் செயலி போதுமா, டேஷ் கேம் எடுப்பதா? இரண்டு, ஸ்பீடோமீற்றர் பிழையாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கும் வழி உண்டா? வாகனத்துக்கு 215/60 ஆர்16 டயர்தான் வர வேண்டியது. இப்போது 225/60 ஆர்16 இருக்கிறது.

ஒயரிங் நானா (மருதானை)

டேஷ் கேம் எடுங்க. முன்னும் பின்னும் இரண்டு கேமரா உள்ளது, உள்ளே லித்தியம் பற்றரிக்குப் பதிலாக சூப்பர் கப்பாசிட்டர் உள்ளது. நம் வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் லித்தியம் ஊதிவிடும், மூடி பிளந்து வெளியே தள்ளும். மெமரி கார்ட் சாதாரணமானது போட்டால் எழுதி எழுதிச் சீக்கிரம் செத்துப்போகும், கேமரா ஓடுவதுபோல விளக்கு எரியும், தேவைப்படும் அன்று பார்த்தால் கோப்பு இருக்காது. ஹை எண்டியூரன்ஸ் என்று எழுதிய கார்ட் வாங்குங்கள். 15 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 6.75 ஜீபீ போகும். 64 ஜீபீ கார்டில் ஒரு கேமராவுக்கு ஒன்பது மணித்தியாலம், இரண்டு கேமராவுக்கு அதில் பாதி. மாதம் ஒருமுறை கேமராவின் மெனுவிலேயே ஃபோமட் செய்யுங்கள். ஜீபீஎஸ் உள்ள மொடல் என்றால் வேகமும் நேரமும் படத்திலேயே பதியும்.

ஒயரிங்: ஃபியூஸ் பெட்டியில் சிகரெட் சொக்கெட்டின் ஃபியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் கிளை ஃபியூஸ் பிடி ஒன்றைச் செருகுங்கள். பழைய ஃபியூஸ் கீழ்ப் பள்ளத்திலும் கேமராவுக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் மேல்ப் பள்ளத்திலும் போகும். விசை திருப்பினால் மட்டும் மின் வருகிறதா என்று சோதனை விளக்கால் பாருங்கள். கறுப்பு ஒயரைப் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில், வாகனத்தின் உடம்போடு சேர்ந்த போல்ட்டில் இறுக்குங்கள். பெயின்ட் மேல் இறுக்கினால் கேமரா நின்று நின்று எழும், ஆட்கள் கேமராவைக் குறை சொல்வார்கள்.

ஒயரை முன்தூண் வழியே மேலே கொண்டுபோகும்போது கவனம். அதற்குள் பக்கவாட்டில் திரைபோல விரியும் எயார்பேக் இருக்கிறது. ஒயர் அதற்குப் பின்பக்கமாக, ஏற்கெனவே போகிற ஒயர்க் கட்டோடு சேர்ந்து போக வேண்டும். முன்பக்கமாக விட்டால் எயார்பேக் விரியும்போது ஒயரும் கேமராவும் முகத்துக்கு வரும். கண்ணாடி நடுவில் வாகனத்தின் சொந்தக் கேமரா இருந்தால் அதன் பார்வைக்குள் எதையும் ஒட்டாதீர்கள், தானியங்கி பிரேக் குழம்பும்.

நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிய வேண்டுமென்றால் மின் அழுத்தம் குறைந்தால் தானாக அணைக்கும் கிட் கட்டாயம் போடுங்கள், 12.2 வோல்ட்டில் அணையும்படி. ஹைபிரிட் வாகனங்களில் 12 வோல்ட் பற்றரி சிறியது. கால் ஆம்பியர் இழுக்கும் கேமரா ஒரு நாளில் 6 ஆம்பியர்-மணி குடிக்கும். கிட் இல்லாமல் வெள்ளி இரவு நிறுத்தித் திங்கள் காலை எடுத்தால் வாகனம் விழிக்காமல் போகலாம்.

அலைவரிசை

வேஸ் நகரத்திலும் ஹைவேயிலும் உதவும், ஆனால் அது முன்னால் போனவர் அழுத்திய தகவல்தான். நள்ளிரவில் ஆள் குறைவு, தகவலும் குறைவு. பொலிஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அடையாளம் நிற்கும். அதில் எனக்குப் பிடித்தது வேறு: வேக எல்லையையும் உங்கள் வேகத்தையும் பக்கத்தில் காட்டி, தாண்டினால் ஒலி எழுப்பும் தெரிவு. அதை எல்லையிலேயே ஒலிக்கும்படி வையுங்கள், ஐந்து கூட்டி வைக்காதீர்கள். கைபேசியைத் தாங்கியில் பூட்டிவிட்டுத்தான் வாகனத்தை எடுக்க வேண்டும், ஓடும்போது கையில் எடுப்பது தனிக் குற்றம்.

ஸ்பீடோமீற்றர் சோதனைக்கு இரண்டு வழி. சமதளமான நேர் வீதியில் முள்ளை 80இல் அரை நிமிடம் அசையாமல் வைத்து, பக்கத்தில் இருக்கிறவரை ஜீபீஎஸ் வேகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 100இல் அதே மாதிரி. ஜீபீஎஸ் இல்லாவிட்டால் ஹைவேயில் கிலோமீற்றர் பலகைகள் போதும். முள் 100இல் நிற்க, பக்கத்தில் இருப்பவர் ஐந்து கிலோமீற்றருக்கு நேரம் எடுக்கட்டும். சரியாக 100 என்றால் 180 விநாடி. 190 விநாடி எடுத்தால் உண்மை வேகம் 94.7.

பொதுவாக ஸ்பீடோமீற்றர் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டும்படி செய்வதில்லை. ஐக்கிய நாடுகள் வாகன ஒழுங்கு 39 இன்படி உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு: உண்மை வேகத்தின் பத்து வீதமும் அதோடு நான்கும். "முள்ளில் 105 இருந்தாலும் உண்மையில் நூறுதான்" என்ற நம்பிக்கை இதிலிருந்து வருகிறது.

உங்கள் டயர் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் உடைக்கிறது. 215/60 ஆர்16 இன் விட்டம் 664 மில்லிமீற்றர். 225/60 ஆர்16 இன் விட்டம் 676. வித்தியாசம் 1.8 வீதம். பழைய டயரில் முள் 100 காட்டும்போது உண்மை 96 என்றால் இப்போது அதே முள்ளுக்கு 97.7. பழைய டயர் தேய்ந்திருந்தால் மாற்றம் இன்னும் பெரிது. டயரின் 8 மில்லிமீற்றர் பூ தேய்ந்து இரண்டுக்கு வந்தால் விட்டம் 12 மில்லிமீற்றர் குறையும், அதுவும் கிட்டத்தட்ட 1.8 வீதம். ஆகவே தேய்ந்த 215ஐக் கழற்றிப் புதிய 225 போட்ட நாளில் முள் அப்படியே இருக்க வாகனம் மூன்றரை வீதம் வேகமாக ஓடும். முள்ளை 100க்குக் கீழே, 97, 98இல் வைத்து ஓடுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே கேளுங்கள். காற்றழுத்தமும் அதிலேயே இருக்கிறது. குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும், ஹைவேயிலிருந்து இறங்கியவுடன் அல்ல.